மாப்பிள்ளை வேலையாக இருக்கிறார்

மாப்பிள்ளை பொத்தானை அழுத்தினார். தட்டு வெளியே வந்தது. சிடியை எடுத்து, சட்டை நுனியால் நடுவிலிருந்து ஓரம்வரை துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மறுபடியும் தட்டில் வைத்து உள்ளே தள்ளினார். பச்சை விளக்கு சிமிட்டியது. உள்ளே சர்ரென்று சுற்றும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. திரையில் ஒன்றுமில்லை. சிடி டிரைவ் என்று ஒன்று இந்தக் கம்ப்யூட்டரில் இருப்பதையே அது மறந்துவிட்டிருந்தது.

"வருதா மாப்பிள்ளை?" என்று அறைவாசலில் நின்றபடி மாமனார் கேட்டார்.

"வரும் மாமா. பத்து நிமிஷம்."

இந்தப் பத்து நிமிஷத்தை எத்தனை தடவை சொல்லியாயிற்று என்று மாமனார் எண்ணவில்லை. மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அந்த சிடியில் இருந்தது மாமியாரின் தலை. காலையில் எடுத்த ஸ்கேன். முன்னறையில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர், கீழே விழுந்த கத்தரிக்கோலைக் காட்டி, "அதை எடு... அது... அந்த இது" என்று மகளிடம் தடுமாறினார். கல்யாணமாகி வந்த நாள்முதல் கையில் பிடித்த சாமான், அதன் பெயர் வாயில் வரவில்லை. மகள் முதலில் சிரித்தாள். அம்மாவின் வலது கை மடியில் கிடந்த விதத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்ச நாளைக்கு முன்னால் குளியலறையில் வழுக்கித் தலையை இடித்துக்கொண்டவர்தான். "ஒண்ணுமில்ல, வீங்கக்கூட இல்ல" என்று அன்றைக்கே போய் மெஷினில் உட்கார்ந்துவிட்டார். யாருக்குத் தெரியும், வீக்கமெல்லாம் உள்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது என்று.

ஆஸ்பத்திரி டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "மண்டைக்குள்ள ரத்தம் கசிஞ்சு தேங்கியிருக்கு. ஒரு ஓட்டை போட்டு எடுத்துடணும். தள்ளிப்போடற விஷயம் இல்ல. நீங்க சரின்னா உடனே ஏற்பாடு பண்றேன்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார். அப்புறம் மகளும் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அந்த வீட்டில் எப்போதும் அப்படித்தான். சுவருக்கு என்ன பெயிண்ட் அடிப்பது, எந்த மிக்சி வாங்குவது, பழைய கட்டிலை விற்பதா வைத்துக்கொள்வதா, எல்லாவற்றுக்கும் கடைசியில் பார்வைகள் வந்து நிற்கும் இடம் மாப்பிள்ளையின் முகம். அவருக்கும் அது பழகிப்போயிருந்தது. பிடித்தும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

"மண்டையைத் தெறக்கறதுன்னா விளையாட்டா?" என்றார் மாப்பிள்ளை. "ஒட்டடைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாம்."

ஒட்டடை என்பது பள்ளிக்கூடப் பெயர். ஒட்டடைக் குச்சி மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்தவன், இன்றைக்கு வேறு ஊரில் பெரிய மூளை அறுவை நிபுணர். மாப்பிள்ளை ஸ்கேன் ஃபிலிமை ஆஸ்பத்திரி ஜன்னலில் தூக்கிப் பிடித்து, போனில் படம் எடுத்து அனுப்பினார். ஒட்டடை உடனே கூப்பிட்டான்.

"டேய், இதுல ஜன்னல் கம்பிதாண்டா தெரியுது. சிடி குடுத்திருப்பாங்கல்ல? அதுல இருக்கறத முழுசா அனுப்பு."

"வீட்டுக்குப் போய் அனுப்பறேண்டா. பத்து நிமிஷம்."

"அது கெடக்கட்டும். அங்க இருக்கற டாக்டர் பண்ணணும்னு சொன்னா பண்ணச் சொல்லு. எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காதீங்க, புரியுதா?"

புரிந்தது. காது கேட்காத ஆள் இல்லை மாப்பிள்ளை. பெரிய டாக்டர்கள் மற்ற டாக்டரை விட்டுக்கொடுக்காமல் அப்படித்தான் பேசுவார்கள், மரியாதைக்கு ஒரு வார்த்தை என்று எடுத்துக்கொண்டார். அதை மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நோயாளியோடு ஒருவர்தான் இருக்கலாம் என்று நர்ஸ் விரட்ட, மனைவியை அங்கே விட்டுவிட்டு மாமனாரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வீட்டில்தான் கம்ப்யூட்டர் இருந்தது, அவரே வாங்கிக் கொடுத்தது.

அவர் ஒன்றும் கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. சிமெண்ட் ஏஜென்சி ஒன்றில் கணக்குப் பார்க்கிறார். எப்போதோ ஒருநாள் ஆபீஸ் பிரிண்டருக்குள் சிக்கிய காகிதத்தை விரலால் இழுத்துப்போட்டார், அது ஓடிவிட்டது. அன்றிலிருந்து அங்கே 'சிஸ்டம்' என்றால் அவர்தான். அந்தப் புகழ் அப்படியே மாமனார் வீட்டுக்கும் வந்துவிட்டது.

விடுமுறைக்கு வந்த அன்றே திரையின் மூலையில் அந்த ஆரஞ்சுப் புள்ளியைப் பார்த்தார். அப்டேட்டுகள் காத்திருக்கின்றன என்றது. அவரால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. எல்லாவற்றையும் போட்டுவிட்டார், வேண்டுமானால் போடுங்கள் என்று ஒதுக்கி வைத்திருந்ததையும் சேர்த்து. அடுக்களையில் மாமியார் மகளிடம் முணுமுணுத்தது அவர் காதில் விழத்தான் செய்தது. "நல்லாத்தானே ஓடிக்கிட்டிருக்கு, அதை எதுக்கு நோண்டறார்? டிசைன் சிடியெல்லாம் நான் அதுலதான் போட்டுப் பசங்களுக்குக் காட்டறேன். நீ போய்ச் சொல்லிடாதடி, தப்பா நெனச்சுக்கப்போறார்."

மறுநாள் தலைவலி என்று மாமியார் தையல் வகுப்பே எடுக்கவில்லை. சிடி டிரைவை யாரும் தொடவில்லை. செத்துக் கிடக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

மாப்பிள்ளை மின் இணைப்பைப் பிடுங்கி மாட்டினார். பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பட்டை வயரைக் கழற்றிச் செருகினார். சாதனங்களின் பட்டியலைத் திறந்தால், டிரைவ் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் முக்கோணமும் ஆச்சரியக்குறியும் இருந்தன. அதை நீக்கிவிட்டு மறுபடி தேடச் சொன்னார். தேடியது, கண்டுபிடித்தது, திரும்பவும் அதே மஞ்சள் முக்கோணத்தைக் கொண்டுவந்து வைத்தது. "சனியனே" என்றார் மாப்பிள்ளை.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, அவர் என்ன சொன்னார்?"

"இன்னும் அனுப்பல. டிரைவ் மக்கர் பண்ணுது."

"டாக்டர் மறுபடி வந்து கேட்டுட்டுப் போறார். தியேட்டர் காலியா இருக்காம். நான் சரின்னு சொல்லிடட்டுமா?"

"கொஞ்சம் பொறு. அவன் ஒரு தடவை பாத்துட்டா நமக்கு நிம்மதி."

அந்தப் பக்கம் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா தூங்கிட்டே இருக்காங்க" என்றாள்.

"தூங்கட்டும். நல்லதுதானே?"

"தட்டித் தட்டி எழுப்பறேன். கண்ணைத் தெறக்கல."

"ஊசி போட்டிருப்பாங்க. நீ பயப்படாத."

"சரிங்க" என்றாள். காய்கறி வாங்கி வந்ததில் ஒரு தக்காளி அழுகியிருந்தால் அரைநாள் சண்டை போடுகிறவள். இதற்குச் சரிங்க என்றாள்.

மாமனார் டீயைக் கொண்டுவந்து மேஜை ஓரத்தில் வைத்தார். மனைவி இல்லாத அடுக்களையில் அவரே தேடிப்பிடித்துப் போட்ட டீ. சர்க்கரை தூக்கலாக இருந்தது. வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை. முனையில ஜெராக்ஸ் கடை இருக்கு. அந்தப் பொண்ணு சிடியெல்லாம் போட்டுப் பாக்கும். நான் வேணா ஒரு எட்டு போயிட்டு..."

"அங்கெல்லாம் வைரஸா இருக்கும் மாமா. போட்டா இதுல இருக்கறதும் அழிஞ்சுடும்."

இந்த மாதிரி சிடியை எந்த வைரஸும் அழிக்க முடியாது. அது மாப்பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் வாயில் வந்துவிட்டது. இவ்வளவு நேரம் மல்லுக்கட்டிய பிறகு, ஜெராக்ஸ் கடைப் பெண் ஒரே தட்டில் திறந்து காட்டிவிட்டால் என்ன ஆவது என்ற பயம்தான். வேறொன்றுமில்லை.

"அய்யய்யோ, நல்லவேளை கேட்டேன்" என்றார் மாமனார்.

"அப்புறம் மாமா, நடுவுல நடுவுல கூப்பிடாதீங்க. ஒரு படி தப்பினா எல்லாத்தையும் முதல்லேர்ந்து பண்ணணும்."

மாமனார் தலையாட்டிவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார். ஆயுசு முழுக்கப் பஸ் ஓட்டியவர். தலைக்கு மேல் 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று எழுதியிருந்த இடத்தில் உட்கார்ந்தே முடி நரைத்தவர். வேலையில் இருக்கிறவனைத் தொந்தரவு செய்வது அவர் அகராதியில் பாவம். ரேஷன் கார்டைத் தொலைத்துவிட்டு நின்ற நாளிலும், குமாஸ்தா நிமிர்ந்து பார்க்கும்வரை வாய் திறக்காமல் காத்திருந்த மனுஷன் அவர்.

மாப்பிள்ளை போனில் தேடினார். இதே வியாதி உலகத்தில் பல பேருக்கு வந்திருந்தது. அப்டேட் போட்ட பிறகு டிரைவைக் காணவில்லை என்று ஒருவன் அழுதிருந்தான், இன்னொருவன் வைத்தியம் எழுதியிருந்தான். ஒன்று, இரண்டு என்று படிப்படியாக இருந்தது. மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது. மூன்றாவது படியைப் படிக்கும்போது மனைவியின் பெயர் வந்து எழுத்துகளை மறைத்தது. "இருடி" என்று சொல்லிக்கொண்டே துண்டித்தார். திரும்பவும் வந்தது. திரும்பவும் துண்டித்தார். இப்படி வந்துகொண்டிருந்தால் எப்படிப் படிப்பது? அழைப்புகள் எதுவும் வராதபடி போனை மௌனத்தில் போட்டார். முடித்துவிட்டு நல்ல செய்தியோடு கூப்பிட்டால் போயிற்று.

கம்ப்யூட்டரை அணைத்துப் போடு என்றது நான்காவது படி. போட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டார். மிச்சமிருந்த அப்டேட்டுகள் இதற்காகவே காத்திருந்தன போலிருக்கிறது. திரை முழுக்க நீலமாகி, நடுவில் ஒரு வட்டம் சுழன்றது. அதன் கீழே வெள்ளை எழுத்தில், வேலை நடக்கிறது, கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள் என்று வந்தது. பன்னிரண்டு சதவீதம்.

மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். வேறு என்ன செய்ய? பதினைந்தானது. பதினைந்திலேயே நின்றது. மேலே மின்விசிறி கிறீச் கிறீச் என்று ஒரே இடத்தில் முனகிக்கொண்டிருந்தது. டீ ஆறி, ஆடை கட்டியது. ஜன்னலுக்கு வெளியே கொடியில் மாமியாரின் புடவை காய்ந்துகொண்டிருந்தது. காற்றே இல்லை, அது ஆடவில்லை. சிடியையாவது எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று ஒரு கணம் எழுந்தார். பாதியில் பொத்தானை அழுத்தி ஏதாவது ஆகிவிட்டால்? அணைக்காதீர்கள் என்று வேறு போட்டிருக்கிறதே. உட்கார்ந்துவிட்டார். முப்பத்தொன்று ஆனது.

முன்னறையில் மாமனாரின் பட்டன் போன் அடித்தது. ஊரையே எழுப்புகிற சத்தம் அதற்கு. மாமனார் எடுத்தார். "சொல்லும்மா" என்றார். அப்புறம் "ம்" என்றார். வெகுநேரம் கழித்து இன்னொரு "ம்". கடைசியில் "சரிம்மா, சரி, நீ அழாத" என்றார்.

அழுகிறாளா? டாக்டர் அவசரப்படுத்தியிருப்பார், இவள் பயந்து அப்பாவுக்குப் போன் செய்திருப்பாள் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார். கதவை நோக்கி மாமனாரின் செருப்புச் சத்தம் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. ஒரு மூச்சு கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் திரும்பிப் போய்விட்டது.

நாற்பத்தெட்டு ஆனபோது முன்னறையில் நாற்காலியை இழுக்கும் சத்தம். ஒன்று முடிந்து இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் தையல் மெஷினைத் தள்ளும் சத்தம் கேட்டது, இரும்புக் கால் தரையில் கறகறவென்று உராய்ந்தது. மாப்பிள்ளைக்கு எரிச்சல் வந்தது. இந்த நேரத்தில் வீட்டை ஒழிக்கிறாரே மனுஷன்! கவலையில் இருக்கிறவர்கள் இப்படித்தான், கையைச் சும்மா வைத்துக்கொண்டு இருக்க முடியாது. பாவம். எரிச்சலை அடக்கிக்கொண்டார்.

வெளிக்கதவின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறக்கும் ஓசை. எப்போதும் ஒரு பக்கம்தான் திறப்பார்கள். வாசலில் யாரோ பெண்கள் பேசினார்கள், ஒருத்தி சட்டென்று குரலை உயர்த்த, "ஷ்ஷ்" என்றார் மாமனார். "சத்தம் போடாதீங்கம்மா. உள்ள மாப்பிள்ளை வேலையா இருக்கார்."

அதைக் கேட்டபோது மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அறுபது தாண்டி, எண்பது தாண்டி, நூறாகித் திரை விழித்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டு கடைசிப் படிக்கு வந்தார். கம்ப்யூட்டரின் அடிவயிற்றில், சாதாரண ஆட்கள் கை வைக்கக்கூடாத இடத்தில், டிரைவுக்கென்று இருக்கும் விவரங்களில் இரண்டு வரிகளை மட்டும் அழிக்க வேண்டும். அப்டேட் வந்து கெடுத்துவிட்டுப் போன வரிகள். தப்பான வரியை அழித்தால் கம்ப்யூட்டரே எழுந்திருக்காது என்று எழுதியிருந்தது. மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். முதல் வரியை அழித்தார். இரண்டாவதையும் அழித்தார். அணைத்துப் போட்டார்.

இந்தத் தடவை நீலத்திரை வரவில்லை. பச்சை விளக்கு சிமிட்டியது. உள்ளே சுற்றியது. செருமாமல், நிற்காமல், சீராகச் சுற்றியது. திரையில் சிடி போல ஒரு சிறு வட்டம் தோன்றியது. அதற்குப் பக்கத்தில் மாமியாரின் பெயரும் வயதும்.

"மாமா!" மாப்பிள்ளை குதித்து எழுந்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "மாமா, வந்துடுச்சு! வந்துடுச்சு!"

முன்னறையில் பேச்சு சட்டென்று நின்றது. மாமனார் கதவைத் திறந்துகொண்டு வந்தார். வெளுத்த சட்டை ஒன்றை மாற்றிப் போட்டிருந்தார். தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார்.

"வந்துடுச்சா மாப்பிள்ளை?"

"இதோ பாருங்க. எல்லாப் படமும் இருக்கு. இப்பவே அனுப்பிடறேன், அவன் அஞ்சு நிமிஷத்துல பாத்துச் சொல்லிடுவான்."

"சரி" என்றார் மாமனார். அப்புறம், "அனுப்ப வேணாம்" என்றார்.

"ஏன் மாமா?"

மாமனார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "போயிட்டா."

மாப்பிள்ளைக்குக் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. அவர் விரல் இன்னும் மவுஸின் மேல் இருந்தது. மாமனாரின் தோளுக்குப் பின்னால் முன்னறை தெரிந்தது. நாற்காலிகள் சுவரோரமாகப் போயிருந்தன. தையல் மெஷின் மூலைக்குப் போயிருந்தது. நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்குத் தரை பெருக்கித் துடைத்து ஈரமாக இருந்தது.

"எப்ப?"

"அப்பவே. நீங்க உள்ள வேலையா இருந்தீங்களே, அப்ப. பாப்பா முதல்ல உங்களுக்குத்தான் அடிச்சாளாம். நீங்க எடுக்கலன்னதும் எனக்கு அடிச்சா. கொண்டுவந்துடறோம், அங்க வர வேணாம்னு சொன்னா."

"என்கிட்ட ஏன் மாமா சொல்லல?"

"நடுவுல கூப்பிடக்கூடாதுன்னீங்களே." அந்தக் குரலில் குற்றம் சொல்லும் தொனி துளிகூட இல்லை. மாப்பிள்ளை அதைத் தேடித்தான் பார்த்தார், இருந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று. "பாதியில விட்டா மறுபடி முதல்லேர்ந்துன்னு சொன்னீங்க. அதான், முடிச்சுட்டு வரட்டும்னு இருந்தேன்."

மாப்பிள்ளை போனை எடுத்துப் பார்த்தார். மனைவியின் பெயர் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரை நிறைய இருந்தது. அவற்றுக்கு நடுவே ஒட்டடையின் செய்தி ஒன்று: "படம் இன்னும் வரலையே. ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிட்டாங்களா? நல்லது."

அவருக்கு வாயைத் திறந்து எதையாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. ஜெராக்ஸ் கடையைப் பற்றி, ஒட்டடை சொன்னதைப் பற்றி, எதையாவது. எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் கம்ப்யூட்டரை அணைக்கக் கையை நீட்டினார்.

"அணைக்காதீங்க" என்றார் மாமனார். "காலைலேர்ந்து இவ்வளவு பாடுபட்டீங்க. அதுல என்ன இருக்குன்னு காட்டுங்க, பாக்கறேன்."

"வேணாம் மாமா."

"வர்றவரைக்கும் சும்மாதானே இருக்கணும்."

சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை சாய்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். படத்தைத் திறந்தார். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. உச்சந்தலை. மவுஸ் சக்கரத்தை உருட்ட உருட்ட, புள்ளி வளையமாகி விரிந்தது. வளையத்துக்குள் சாம்பல் நிறத்தில் மடிப்பு மடிப்பாக ஏதோ வந்தது. ஓரத்தில் பிறை மாதிரி ஒன்று அந்தச் சாம்பலை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளைக்கே புரிந்தது. புரிய வைக்க ஒட்டடை தேவையில்லை.

"அதுதானா?"

"ஆமா மாமா."

"ம். கீழ போங்க."

பிறை சிறுத்து மறைந்தது. இரண்டு உருண்டைகள் வந்தன, கண்கள். மூக்கின் எலும்பு வந்தது. அதற்கும் கீழே, திடீரென்று ஓர் இடத்திலிருந்து நாலாபக்கமும் வெள்ளைக் கோடுகள் சிதறின. படமே கூசியது.

"அய்யோ, இது என்ன?" என்றார் மாப்பிள்ளை. கெட்டுப்போன படம் என்றுதான் நினைத்தார்.

மாமனார் முன்னால் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பல்லு" என்றார். "கடவாப்பல்லுக்குத் தொப்பி போட்டாளே, அது. நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். வாய் மரத்துப்போய் அன்னைக்குப் பூரா பேச முடியல அவளால. எழுதி எழுதிக் காட்டினா, காப்பி வேணும்னு."

மாப்பிள்ளை சக்கரத்தை உருட்டினார். நகரவில்லை. அதோடு படங்கள் முடிந்துவிட்டன. வாசலில் ஏதோ வண்டி வந்து நின்றது, பெண்கள் எழுந்து போகும் காலடிகள் கேட்டன. மாமனார் திரும்பவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, வேட்டி நுனியில் துடைத்து, போட்டுக்கொண்டு, ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப்போட்டார்.